கி.மு. 4004: உலகத்துக்குப் பிறந்தநாள் குறித்த பிஷப்

உலகம் கி.மு. 4004ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி காலை ஒன்பது மணிக்குப் படைக்கப்பட்டது என்று ஒரு பாதிரியார் கணக்குப் போட்டுச் சொன்னாராம். இந்தத் துணுக்கை எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். பரிணாமம் பற்றிய மேடைப் பேச்சு என்றால் பெரும்பாலும் இது வந்துவிடும், கூட்டமும் சிரித்துவிடும். நானும் பல வருடம் சிரித்தவன்தான். அப்புறம் அந்த மனிதர் யார், எதற்காக அந்தக் கணக்கில் இறங்கினார் என்று படிக்கப் போனபோது சிரிப்பு மெல்ல நின்றுவிட்டது. கணக்கு தவறுதான், பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். ஆனால் போட்டவர் முட்டாள் இல்லை. பொழுது போகாமல் போட்ட கணக்கும் இல்லை. அது அவர் பார்த்த உத்தியோகத்தோடு ஒட்டி வந்த வேலை.

அவர் பெயர் ஜேம்ஸ் அஷர். 1581இல் டப்ளினில் பிறந்து 1656இல் இறந்தவர். அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் சபைக்குத் தலைமை வகித்தவர். அந்தக் காலத்தில் 'படித்த பிஷப்' என்பது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்தால்தான் 4004 என்ற எண் புரியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலாளி மாறிய சபை

ஒரு தனியார் பேருந்து நிறுவனத்தை அரசு எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிப்போ அதே இடத்தில் இருக்கும், பஸ் அதே பஸ், ஓட்டுநரும் நடத்துநரும் அதே ஆட்கள். பெயர்ப்பலகையும் முதலாளியும் மட்டும் மாறியிருக்கும். 1534இல் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. போப்புக்கு இனி இங்கே அதிகாரம் கிடையாது, நாட்டின் சபைக்கு அரசனே தலைவன் என்று எட்டாம் ஹென்றி சட்டம் கொண்டுவந்தார். இரண்டு வருடம் கழித்து அயர்லாந்திலும் அதே சட்டம். இப்படி அரசனைத் தலைவனாகக் கொண்டு உருவான சபைதான் ஆங்கிலிக்கன் சபை. மடங்களைக் கலைத்தார்கள், வழிபாடும் கொள்கையும் அடுத்த சில பத்தாண்டுகளில் மாறின. ஆனால் பிஷப் என்ற பதவியும் அதற்குரிய கதீட்ரலும் போகவில்லை.

அயர்லாந்தில் ஒரு சிக்கல். டிப்போ புது முதலாளி கைக்கு வந்துவிட்டது, பயணிகள் வரவில்லை. மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்களாகவே இருந்துவிட்டார்கள். ஆகவே அங்கே ஆங்கிலிக்கன் பிஷப் என்றால் கோவிலும் நிலமும் சட்டமும் கையில் இருந்தும் ஊர் தன் பக்கம் இல்லாத ஆள். அஷரின் வாழ்க்கை முழுக்க இந்த முள் குத்திக்கொண்டே இருந்தது.

சொல் பற்றி ஒரு வார்த்தை. 1947இல் உருவான நம்மூர் சி.எஸ்.ஐ. சபையில் ஆங்கிலிக்கன்களும் சேர்ந்ததால் இந்தப் பதவிகள் பலருக்குப் பழக்கமானவை. ஆனால் சி.எஸ்.ஐ.யில் பேராயர் என்றால் பிஷப். கத்தோலிக்கரிடம் பேராயர் என்றால் பிஷப்புக்கும் மேலே இருக்கும் ஆர்ச்பிஷப். இந்தக் குழப்பமே வேண்டாம் என்று பிஷப், ஆர்ச்பிஷப் என்றே எழுதுகிறேன்.

பிஷப் என்ன வேலை பார்த்தார்?

பல ஊர்ச் சபைகளைச் சேர்த்த நிர்வாகப் பகுதிக்குத் திருமண்டலம் என்று பெயர். அதன் தலைவர் பிஷப். குருமார்களுக்குப் பட்டம் கொடுப்பது, அவர்களை மேற்பார்வை செய்வது அவர் வேலை. உயில், திருமண வழக்குகளை விசாரிக்கும் சபை நீதிமன்றமும் அவருக்குக் கீழேதான் வரும். பாராளுமன்றத்தின் மேலவையிலும் அவருக்கு இடம் உண்டு. மாதச் சம்பளம் கிடையாது. பதவியோடு சேர்ந்த நிலங்களின் குத்தகையும் வருவாயும்தான் வரும்படி. துறவியாக இருக்க வேண்டியதில்லை. அஷர் திருமணமானவர், ஒரு மகளுக்குத் தகப்பன்.

பிஷப்பை நியமிப்பது அரசன். பதிலுக்கு அரசனின் ஆட்சி நியாயமானது என்று பிரசங்க மேடையிலிருந்து சொல்வது பிஷப். 1604இல் ஜேம்ஸ் மன்னர் இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: பிஷப் இல்லையென்றால் அரசனும் இல்லை.

இதுவரை பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னால்: பிஷப் என்பவர் சாமியார் மட்டும் அல்ல, நிலவுடைமையாளர், நீதிபதி, மேலவை உறுப்பினர், அரசனின் ஆள். சரி, இதில் படிப்பு எங்கே வந்தது?

புத்தகம் வாங்கப் போன இளைஞர்

டப்ளினில் டிரினிட்டி கல்லூரி 1592இல் தொடங்கப்பட்டது. 1594இல் அது மாணவர்களைச் சேர்க்க ஆரம்பித்தபோது உள்ளே போனவர்களில் 13 வயது அஷரும் ஒருவர். 1601இல் குருப்பட்டம். கொடுத்தவர் அப்போதைய ஆர்மா ஆர்ச்பிஷப் ஹென்றி அஷர், ஜேம்ஸின் அப்பாவுடைய சகோதரர். சிபாரிசு இல்லாமல் அந்தக் காலத்தில் யாரும் மேலே வந்ததில்லை, இவரும் விதிவிலக்கு அல்ல.

கொஞ்ச நாளில் கல்லூரி நூலகத்துக்குப் புத்தகம் வாங்க லூக் சாலனர் என்ற மூத்த ஆசிரியரோடு இங்கிலாந்துக்குப் போனார். அயர்லாந்தின் கின்சேலில் நடந்த போரில் வென்ற ஆங்கிலப் படைவீரர்கள் கொடுத்த நன்கொடைதான் அதற்கு முதல் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. லண்டனில் அதே வேலையாக வந்திருந்த தாமஸ் பாட்லியைச் சந்தித்தார்கள். அவர் ஆக்ஸ்போர்டில் நூலகம் கட்டிக்கொண்டிருந்தார். பிற்பாடு அஷர் மணந்தது இந்தச் சாலனரின் மகள் பீபியை.

1607இல் பேராசிரியர் பதவி. பாடத்தின் பெயர் 'இறையியல் சர்ச்சைகள்'. எதிர்த்தரப்புச் சபை வைக்கும் வாதங்களை எடுத்துப் போட்டு உடைப்பதற்கென்றே ஒரு துறை, ஏறக்குறைய அரசுத் தரப்பு வக்கீல் மாதிரி. அங்கே காட்டிய திறமை ஜேம்ஸ் மன்னர் காதுக்கு எட்டியது. 1621இல் மீத் திருமண்டலத்துக்கு பிஷப், 1625இல் ஆர்மாவுக்கு ஆர்ச்பிஷப். ஆர்மா என்பது புனித பேட்ரிக்கின் இருக்கை என்று போற்றப்படும் இடம். அயர்லாந்தில் அதற்கு மேல் படி இல்லை.

மீத்தில் அவர் செய்த ஒரு சின்ன வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தத் திருமண்டலத்தைச் சேர்ந்த கெல்ஸ் ஊரில் ஒரு பழைய சுவிசேஷ ஏடு இருந்தது. 1621 ஆகஸ்டில் அதன் இதழ்களை எண்ணிப் பார்த்து 344 என்று அதிலேயே குறித்து வைத்தார். இன்று உலகப் புகழ் பெற்ற கெல்ஸ் ஏடு அதுதான். இப்போது இருப்பவை 340 இதழ்கள்.

தாய்ப்பத்திரம் எங்கே?

நிலம் வாங்கியவர்களுக்குத் தெரியும், கையில் இருக்கும் பத்திரம் மட்டும் போதாது. தாய்ப்பத்திரம் எங்கே, அதற்கு முன் யார் பெயரில் இருந்தது, நடுவில் போலிப் பத்திரம் புகுந்திருக்கிறதா என்றெல்லாம் வங்கி வக்கீல் குடைவார். ஆங்கிலிக்கன் சபையை ரோம் குடைந்தது இப்படித்தான். போப்பை எதிர்த்துப் பிரிந்த லூத்தருக்கு முன்னால் உங்கள் சபை எங்கே இருந்தது என்று கேட்டது. 1534இல் ஒரு அரசன் சட்டம் போட்டு வந்த சபைக்கு இது சங்கடமான கேள்வி.

பதில் சொல்ல வரலாறு வேண்டும். பழைய ஏடு, பழைய மொழி, எது அசல் எது போலி என்று பிரிக்கும் கண் எல்லாம் வேண்டும். படித்த பிஷப்புக்கு மதிப்பு வந்தது இதனால்தான். சக்கரம் இப்படிச் சுழன்றது: பதவி வருமானம் தந்தது, வருமானம் ஏடு வாங்கியது, ஏடு வாதத்தைத் தந்தது, வாதம் சபையையும் அரசையும் தாங்கியது, தாங்கியவருக்கு மேலும் பதவி. பழைய ஐரிஷ் சபை ரோமுக்குக் கட்டுப்படாமலேயே இருந்தது என்று 1631இல் ஒரு நூல் எழுதினார் அஷர். தாய்ப்பத்திரம் எங்களிடம்தான் என்பதே அதன் சாரம்.

போலியைக் கண்டுபிடிப்பதில் அவருடைய கைவரிசைக்கு ஓர் உதாரணம். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர் அந்தியோகியாவின் பிஷப் இக்னேஷியஸ். மரண தண்டனைக்காக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட வழியில் அவர் எழுதிய கடிதங்களில் பிஷப்பைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள் என்ற அறிவுரை திரும்பத் திரும்ப வரும். பிஷப் பதவியே வேண்டாம் என்று சொன்ன பியூரிட்டன்களுக்கு எதிராக இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் புழக்கத்தில் இருந்த பிரதியில் பின்னாளில் யாரோ எழுதிச் சேர்த்த பகுதிகள் பல்லிளித்தன. சாட்சி பொய்ச்சாட்சி என்றார்கள் எதிர்த்தரப்பார்.

அஷர் ஒன்றைக் கவனித்தார். 13ஆம் நூற்றாண்டு லிங்கன் பிஷப் ராபர்ட் குரோஸ்டெஸ்ட் முதலிய சில ஆங்கிலேயர்கள் இக்னேஷியஸை மேற்கோள் காட்டும்போது, வாசகம் புழக்கத்தில் இருந்த பிரதியோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் மிகப் பழைய கிரேக்க ஆசிரியர்களின் மேற்கோளோடு ஒத்துப்போனது. அப்படியானால் கலப்படம் இல்லாத ஒரு பிரதி இங்கிலாந்தில் எங்கோ இருந்திருக்க வேண்டும். தேடினார். ஒன்றல்ல, இரண்டு லத்தீன் ஏடுகள் அகப்பட்டன. 1644இல் பதிப்பித்தார். இரண்டே வருடத்தில் டச்சு அறிஞர் ஐசக் வாசியஸ் பிளாரன்ஸ் நூலகத்தில் இருந்த கிரேக்க மூலத்தை வெளியிட்டார். அஷர் சொன்னது சரியாகவே இருந்தது. ஒரு கடிதத்தைப் பற்றி மட்டும் அவர் தேவையில்லாமல் சந்தேகப்பட்டிருந்தார்.

ஆக, தன் கட்சிக்குச் சாதகமான சாட்சி என்பதற்காக அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கலப்படத்தை முதலில் பிரித்து எறிந்துவிட்டுத்தான் சாட்சியை மேடை ஏற்றினார். அரசியலில் இந்த நேர்த்தி இல்லை. 1626இல், படைச் செலவுக்குப் பணம் தேவைப்பட்ட அரசு கத்தோலிக்கருக்குச் சில சலுகைகள் தரப் பார்த்தபோது, அவர்களைச் சகித்துக்கொள்வதே பெரும் பாவம் என்று பிஷப்புகளைக் கூட்டி அறிக்கை விட்டவரும் இவர்தான். ஏட்டின் முன்னால் அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்தவருக்கு எதிரே நின்ற மனிதர்களிடம் அது இல்லாமல் போனது.

இனி 4004

பழைய சம்பவங்களுக்கு ஆண்டு குறிக்கும் துறைக்குக் காலக்கணிப்பு என்று பெயர். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பாட்டியின் வயதை வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்போம்? மூத்த மகன் பிறந்தபோது அவளுக்கு 18 வயது, அவனுக்கு 10 வயதானபோது வீடு கட்டினோம் என்று கூட்டிக்கொண்டே வருவோம். எங்காவது ஓர் இடத்தில் தனுஷ்கோடிப் புயல் மாதிரி ஆண்டு தெரிந்த ஒரு சம்பவம் வந்து மாட்டினால் தொடர் முழுவதும் நிலைத்துவிடும். அஷர் செய்ததும் இதுதான், அளவுதான் பெரியது.

முதல் பகுதி வெறும் கூட்டல். ஆதாமுக்கு 130 வயதில் சேத், சேத்துக்கு 105 வயதில் ஏனோஸ், ஏனோசுக்கு 90 வயதில் கேனான் என்று பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் அடுக்கிக்கொண்டே போகிறது. அப்புறம் 70, 65, 162, 65, 187, 182. கடைசியில் வெள்ளம் வந்தபோது நோவாவுக்கு 600. கூட்டினால் 1656. (அஷர் இறந்ததும் கி.பி. 1656இல். தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.) அவர் இதைக் கூட்டியதோடு விட்டுவிட்டார் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கூட்டலுக்கு முன்பே தகராறு உண்டு. எபிரெய மூலத்தில் 1656. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 2200க்கும் மேல். சமாரியர் என்ற பழைய சமூகத்தார் வைத்திருந்த பிரதியில் 1307. அந்தச் சமாரியர் பிரதிகளையே சிரியாவின் அலெப்போவில் இருந்த ஒரு வணிகர் மூலம் வரவழைத்தவர் அவர். எல்லாவற்றையும் வைத்துப் பார்த்துத்தான் எபிரெயத்தைத் தேர்ந்தெடுத்தார்.

இரண்டாம் பகுதி அரசர்கள் காலம். இங்கே மகன் பிறந்த வயது கிடையாது. இந்த அரசனின் இத்தனையாவது ஆண்டில் பக்கத்து நாட்டில் அந்த அரசன் பட்டத்துக்கு வந்தான் என்ற வகைக் குறிப்புகள்தான். நம் கல்வெட்டுகளில் வரும் ஆட்சியாண்டு போலத்தான். யூதா, இஸ்ரவேல் என்ற இரண்டு நாட்டுக் கணக்கையும் அப்படியே வைத்தால் நேராது. அப்பனும் மகனும் சேர்ந்து ஆண்ட வருடங்களை எல்லாம் கண்டுபிடித்துக் கழிக்க வேண்டும்.

மூன்றாவது பகுதியில்தான் அசல் வித்தை. பழைய ஏற்பாட்டு வரலாறு ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அங்கிருந்து கிறிஸ்து வரைக்கும் எண்ணச் சங்கிலியே இல்லை. புயல் வேண்டும். அஷருக்கு அந்தப் புயல் பாபிலோனில் கிடைத்தது. இரண்டாம் இராஜாக்கள் 25:27இல், சிறைப்பட்ட யூதா அரசன் யோயாக்கீனை அவனுடைய சிறையிருப்பின் 37ஆம் வருடத்தில் பாபிலோனின் புது ராஜா ஏவில்மெரொதாக் விடுவித்ததாக வருகிறது. நேபுகாத்நேச்சாருக்கு அடுத்து வந்தவன் அவன். பாபிலோன் அரசர்களின் ஆட்சிக் காலங்களைக் கிரேக்க வானியலாளர் தாலமியின் பட்டியல் தருகிறது. அதைக் கிரகணக் குறிப்புகளை வைத்துச் சரிபார்க்கலாம். அதன்படி நேபுகாத்நேச்சார் இறந்தது கி.மு. 562இல். இன்றைய வரலாற்றாசிரியர்களும் அதையே சொல்கிறார்கள். ஆக 562 என்ற ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அவர் சங்கிலியைப் பின்னோக்கி இழுத்தார்.

அவர் எண்ணியது கி.மு. கணக்கிலும் அல்ல. நம் 60 வருட வட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிரபவ வருடம் என்று மட்டும் சொன்னால் எந்தப் பிரபவ என்று தெரியாது, 60 வருடத்துக்கு ஒருமுறை அது வந்துகொண்டே இருக்கும். அதோடு வேறு நீளமுள்ள இன்னும் இரண்டு வட்டங்களைச் சேர்த்தால் மூன்றும் ஒன்றாக முதலிடத்துக்கு வர வெகுகாலம் ஆகும். அதற்குள் எந்த ஆண்டும் இன்னொன்றோடு குழம்பாது. ஜோசப் ஸ்காலிகர் என்ற அறிஞர் செய்தது இதுதான். தேதியும் கிழமையும் பழையபடி பொருந்தும் 28 ஆண்டு, அமாவாசையும் பௌர்ணமியும் அதே தேதிகளுக்குத் திரும்பும் 19 ஆண்டு, ரோமப் பேரரசின் வரிக்கணக்கு வட்டமான 15 ஆண்டு. மூன்றையும் பெருக்கினால் 7980. இந்த நீண்ட அளவுகோலுக்கு ஜூலியன் காலவட்டம் என்று பெயர், தொடக்கம் கி.மு. 4713. வானியலாளர்கள் இன்றும் நாட்களை அங்கிருந்துதான் எண்ணுகிறார்கள். அஷரின் படைப்பு ஆண்டு இந்த வட்டத்தில் 710ஆவது. அதாவது கி.மு. 4004.

அக்டோபர் எப்படி வந்தது? யூதர்களின் பழைய வருடப் பிறப்பு இலையுதிர்காலத்தில். ஏதேனில் பழம் பழுத்திருக்கவும் அதுதான் பருவம். வாரத்தின் முதல் நாள் ஞாயிறு. இரவும் பகலும் சமமாகும் நாளை ஒட்டி அந்த ஆண்டில் வரும் ஞாயிறு எது என்று வானியல் அட்டவணையில் பார்த்தார். பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி அக்டோபர் 23 வந்தது.

சுருக்கமாக, கணக்கில் மூன்று பகுதி: வயதுக் கூட்டல், ஆட்சியாண்டு ஒட்டல், வெளி வரலாற்றில் மாட்டிய ஆணி. முதல் பகுதி மட்டும்தான் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி மாணவரும் போடக்கூடியது.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கு அவர் மேல் சந்தேகம். படைப்பிலிருந்து கிறிஸ்து வரை 4000 ஆண்டு என்ற நம்பிக்கை அப்போது பரவலாக இருந்தது. கிறிஸ்து பிறந்தபோது ஆண்ட ஏரோது அரசன் இறந்தது கி.மு. 4இல் என்பதால் கிறிஸ்து பிறப்பும் அதற்குப் பிந்தியிருக்க முடியாது. 4000த்தோடு 4ஐச் சேர்த்துப் பாருங்கள்! சாலொமோனின் ஆலயம் கட்டி முடிந்ததும் அவர் கணக்கில் சரியாக 3000ஆவது ஆண்டில் வருகிறது. ஆபிரகாம் பிறந்தபோது அவன் தந்தை தேராகுவுக்கு வயது 70ஆ 130ஆ என்ற பழைய தகராறில் அவர் 130ஐ எடுத்தார். 70ஐ எடுத்திருந்தால் 60 ஆண்டு குறைந்து இந்த அழகெல்லாம் கலைந்திருக்கும். 130க்கு அவரிடம் காரணம் இருந்தது, உண்மைதான். ஆனாலும் விடை முன்கூட்டியே தெரிந்த மாணவன் போட்ட கணக்கின் வாசனை அடிக்கத்தான் செய்கிறது.

ஒன்பது மணி யாருடையது?

அஷருடையது அல்ல. அவர் கணக்குப்படி நேரம் தொடங்கியது 23ஆம் தேதிக்கு முந்தின மாலை, இருட்டும்போது. காலை ஒன்பது மணி கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜான் லைட்பூட்டுடையது. அதுவும் மனிதன் படைக்கப்பட்ட நேரமாக அவர் சொன்னது. அவருடைய படைப்பு ஆண்டு கி.மு. 3929. பின்னாளில் யாரோ இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். ஒட்டியதுதான் மேடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அஷர் மட்டும் தனியாக இந்தக் கணக்கில் இறங்கவும் இல்லை. எட்டாம் நூற்றாண்டில் பீட் என்ற துறவி 3952 என்றார். கெப்ளரும் நியூட்டனும் போட்ட கணக்குகள்கூட 4000த்தை ஒட்டியே வந்தன. பிறகு ஏன் அஷர் பெயர் மட்டும் நிலைத்தது? 1701இல் பிஷப் வில்லியம் லாய்டின் மேற்பார்வையில் வெளிவந்த ஆங்கில பைபிளின் பக்க ஓரத்தில் அஷரின் ஆண்டுகளை அச்சிட்டார்கள். அடுத்தடுத்த பதிப்புகளும் அதையே பின்பற்ற, ஓரத்தில் இருந்த எண் வேதத்தின் சொல்லைப் போலவே மனதில் பதிந்தது. 1925இல் அமெரிக்காவின் டென்னசியில் பரிணாமப் பாடம் நடத்திய ஆசிரியர் மீதான வழக்கில் எதிர்த்தரப்பைக் குறுக்கு விசாரணை செய்த வக்கீல் கையிலும் 4004தான் இருந்தது. ஆனால் 1650இலும் 1654இலும் இரண்டு பாகமாக அவர் லத்தீனில் வெளியிட்ட நூலில் பெரும்பகுதி பாரசீக, கிரேக்க, ரோம வரலாறு. அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு.

பதவி போன பின்

அந்த நூல் வெளிவந்தபோது அவர் பெயரளவுக்கே ஆர்ச்பிஷப். 1640இல் இங்கிலாந்துக்குப் போனவர் அயர்லாந்துக்குத் திரும்பவே இல்லை. 1641 அக்டோபர் 23 அன்று (ஆம், அதே தேதி) அங்கே கத்தோலிக்கர் கிளர்ச்சி வெடித்தது. வருமானம் போனது. டிரோகெடாவில் இருந்த நூலகம் முற்றுகையிலிருந்து எப்படியோ தப்பிக் கப்பலேறியது. இங்கிலாந்தில் அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டது. பிஷப் தனி அதிகாரியாக இல்லாமல் குருமார் மன்றத்தின் தலைவராக இருக்கட்டும் என்று ஒரு சமரசத் திட்டம் போட்டுப் பார்த்தார், எடுபடவில்லை. அரசன் பக்கம் நின்றதால் பாராளுமன்றம் அவர் புத்தகங்களைப் பறித்தது. ஜான் செல்டன் போன்ற நண்பர்கள் பெரும்பகுதியை மீட்டுத் தந்தார்கள். 1645இல் வேல்ஸ் மலைப்பாதையில் வழிமறித்தவர்கள் பெட்டிகளை உடைத்து ஏடுகளைச் சிதறடித்தார்கள். அவையும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள் உதவியால் திரும்பி வந்தன.

1646இல் இங்கிலாந்தில் பிஷப் பதவியையே ஒழித்தார்கள். அடுத்த வருடம் லிங்கன்ஸ் இன் என்ற வக்கீல்கள் கழகம் அவரைப் பிரசங்கியாக வைத்துக்கொண்டது. 1649 ஜனவரியில் சார்லஸ் மன்னரைக் கொலைமேடைக்குக் கொண்டுவந்தபோது தங்கியிருந்த வீட்டு மாடியிலிருந்து பார்த்தார். பார்க்க முடியாமல் மயங்கி விழ, உள்ளே தூக்கிப் போனார்கள். 1604இல் ஜேம்ஸ் சொன்னது இரண்டு பக்கமும் உண்மையானதை அவர் கண்ணால் பார்த்துவிட்டார்.

1656 மார்ச்சில் ரெய்கேட்டில் இறந்தார். அரசனைக் கொன்ற கட்சியின் தலைவர் ஆலிவர் கிராம்வெல் அவரை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யச் சொன்னார். அப்போது தடைசெய்யப்பட்டிருந்த ஆங்கிலிக்கன் முறைப்படியே அடக்கமும் நடந்தது.

மிஞ்சியது சுமார் 10,000 நூல்கள். வெளிநாட்டுக்காரர்கள் கேட்டுப் பார்த்தார்கள், கிராம்வெல் விடவில்லை. அயர்லாந்தில் இருந்த ஆங்கிலப் படையினர் பணம் போட்டு வாங்கினார்கள். கொஞ்ச காலம் டப்ளின் கோட்டையில் கிடந்துவிட்டு, 1661இல் அவை டிரினிட்டி கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன. படைவீரர் பணத்தில் புத்தகம் வாங்கி வர, 60 வருடம் முன்பு அந்த இளைஞரை அனுப்பிய அதே கல்லூரிக்கு.